டிஜிட்டல் கேமராவும் கணினியும்: இணைப்புச் சிக்கல்களின் வரலாறு

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தை அச்சிடவோ அனுப்பவோ பாதுகாக்கவோ வேண்டுமானால் அது முதலில் கணினிக்குள் வர வேண்டும். கைப்பேசிகள் பரவும் வரை இதுவே நிலை. "கேமராவைக் கணினி கண்டுகொள்ளவில்லை" என்ற முறையீடும் அந்தக் காலம் முழுவதும் கூடவே வந்தது. வடம் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிய வடம் வாங்கியவர்கள் பலர். பல நேரங்களில் வடம் நன்றாகவே இருந்தது. கேமரா பேசிய மொழி கணினிக்குத் தெரியாததே காரணம். அந்த மொழியை யார் கற்றுத்தருவது என்பதில்தான் இந்த வரலாறு நகர்கிறது.

தொடக்கக் கருவிகள்

கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975 டிசம்பரில் உருவாக்கிய கேமரா, 100 × 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிந்தது. ஒரு படம் பதிய 23 வினாடிகள் ஆயின. அதைப் பார்ப்பதற்கு நாடாவைப் படிக்கும் தனி அமைப்பும் தொலைக்காட்சிப் பெட்டியும் தேவைப்பட்டன. எடுக்கும் கருவி ஒன்று, காட்டும் கருவி வேறொன்று என்ற பிரிவு முதல் நாளிலேயே தோன்றிவிட்டது.

1990இல் டைகாம் மாடல் 1 என்ற கேமரா விற்பனைக்கு வந்தது. லாஜிடெக் நிறுவனம் இதையே ஃபோட்டோமேன் என்ற பெயரில் விற்றது. இதன் 1 மெகாபைட் நினைவகத்தில் 32 படங்கள் அடங்கின. மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே அந்த நினைவகம் படத்தைத் தாங்கும். மின்கலம் தீர்வதற்குள் கணினியில் ஏற்றாவிட்டால் அத்தனை படங்களும் போய்விடும். இணைப்புச் சிக்கல் என்பது அன்று வெறும் தொந்தரவு அல்ல, இழப்பு.

ஆப்பிள் விற்ற குவிக்டேக் 100 (1994) கேமராவைக் கோடாக் தயாரித்தது. 640 × 480 அளவில் 8 படங்கள் கொள்ளும். எடுத்த படத்தைக் கேமராவிலேயே பார்க்கத் திரை கிடையாது. ஆகவே படம் எப்படி வந்திருக்கிறது என்பதே கணினியோடு இணைத்த பிறகுதான் தெரியும்.

சீரியல் போர்ட் காலம்

இக்கேமராக்கள் சீரியல் போர்ட் எனப்படும் தொடர் துறை வழியாக இணைந்தன. சாதாரண வீட்டுக் கணினியில் அதன் உச்ச வேகம் வினாடிக்கு 1,15,200 பிட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்து 10 பிட்டுகள் செலவாகும். எனவே 1 மெகாபைட் நகர ஒன்றரை நிமிடமும், 8 மெகாபைட் அட்டை காலியாக 12 நிமிடமும் ஆகும். அந்த நேரம் முழுவதும் கேமரா தன் மின்கலத்தில் இயங்க வேண்டும். பாதியில் அது ஓய்ந்தால் மாற்றமும் பாதியில் நிற்கும்.

வேகத்தைவிடப் பெரிய தலைவலி துறைகளுக்கு இடையே நடந்த மோதல். அக்காலக் கணினிகளில் காம் 1, காம் 3 என்ற இரண்டு துறைகளும் ஒரே குறுக்கீட்டு எண்ணை (4) பகிர்ந்தன. காம் 2, காம் 4 ஆகியவை எண் 3ஐப் பகிர்ந்தன. ஒரு துறையில் சுட்டியோ மோடமோ இருந்து, அதன் இணைத் துறையில் கேமராவைச் செருகினால் ஏதாவது ஒன்று செயலிழக்கும். இரண்டு கருவிகளிலும் பழுதிராது. ஒரே கதவை இருவர் ஒரே நேரத்தில் தட்டியதுதான் சிக்கல். இதைக் கண்டுபிடிக்கப் பலருக்கு நாட்கள் ஆயின.

வடமே வேண்டாம் என்று சோனி ஒரு வழி கண்டது. 1997இல் வந்த மாவிகா எஃப்டி 7 கேமரா நேரடியாக 3.5 அங்குல நெகிழ்தட்டில் படத்தைப் பதிந்தது. தட்டை எடுத்துக் கணினியில் செருகினால் போதும். 1.44 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளாது என்ற குறை இருந்தும் மக்கள் அதை விரும்பி வாங்கினர். நிறுவச் சொல்லி எந்த மென்பொருளும் அதனுடன் மல்லுக்கு நிற்கவில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

யூஎஸ்பி தந்த வாக்குறுதி

யூஎஸ்பி 1.0 வரையறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெலில் இதற்கு உழைத்த குழுவில் இந்தியாவில் பிறந்த அஜய் பட் முக்கியமானவர். செருகியவுடன் இயங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, யூஎஸ்பி வருடி ஒன்றைச் செருகியதும் வெளியீட்டுக்கு முந்தைய விண்டோஸ் 98 நீலத் திரையுடன் நின்றுபோனது. அரங்கம் சிரித்தது. வீட்டில் அதே நிலைக்கு ஆளானவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

யூஎஸ்பி வந்ததால் செருகியின் வடிவமும் மின் இணைப்பும் பொதுவாகின; பேச்சு பொதுவாகவில்லை. விண்டோஸ் 98இல் ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் நிறுவனம் தரும் டிரைவர் மென்பொருள் வேண்டும். அதை நிறுவும் முன்பே கேமராவைச் செருகினால், கணினி அதை 'அறியாத கருவி' என்று பதிந்துகொள்ளும். பிறகு சரியான டிரைவரை நிறுவினாலும் பழைய பதிவு நீங்காமல் தொல்லை தரும். "முதலில் குறுந்தட்டு, பிறகு வடம்" என்ற எச்சரிக்கையைப் பெட்டிகளில் அச்சிட்டது இதனால்தான். குறுந்தட்டைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டம்.

இதே 1998இல் ஸ்காட் ஃபிரிட்சிங்கர் லினக்ஸ் கணினிகளுக்காக ஜிஃபோட்டோ என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். நிறுவனங்கள் வெளியிடாத கேமரா மொழிகளைத் தன்னார்வலர்கள் வடத்தில் ஓடும் தரவைக் கவனித்தே கற்றுக்கொண்டனர். நிறுவனமே கைவிட்ட பழைய கேமராக்கள் சில இன்றும் கணினியுடன் பேசுவது இவர்கள் உழைப்பால்.

இரண்டு முறைகள்

பொது மொழிக்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, 'மாஸ் ஸ்டோரேஜ்'. கேமரா தன்னை ஒரு வட்டு என்று அறிவிக்கும். கணினி அதில் நேரடியாகப் படிக்கும், எழுதும். அவ்வேளையில் கேமரா தன் அட்டையின் ஆட்சியை விட்டுக்கொடுக்கிறது. எழுதிக்கொண்டிருக்கையில் வடத்தைப் பிடுங்கினால் கோப்புப் பட்டியல் சிதைவது அதனால்தான். மற்றொன்று, 2000இல் தரமாக வெளியான பிடிபி எனும் படப் பரிமாற்ற நெறிமுறை. இதில் அட்டை கேமராவின் கையிலேயே இருக்கும். கணினி "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்டு வாங்கும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதைத் தானாகவே புரிந்துகொண்டது.

மாற்றக் காலத்துக் கேமராக்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. நிக்கான் டி70 போன்றவற்றின் பட்டியலில் அதைக் காணலாம். பழைய இயங்குதளத்தில் பிடிபியைத் தேர்ந்தால் கணினி மௌனம் சாதிக்கும். ஒரே ஒரு தேர்வை மாற்றினால் தீரும் சிக்கலுக்காகக் கடைக்குப் போன கேமராக்கள் உண்டு.

பிடிபியை விரித்து மைக்ரோசாஃப்ட் எம்டிபியை உருவாக்கியது. இதில் ஒரு விசித்திரம். ஐரோப்பிய ஆணையம் 2004இல் அளித்த போட்டிச் சட்டத் தீர்ப்பின்படி, மீடியா பிளேயர் இல்லாத 'என்' பதிப்பு விண்டோஸ் வெளியிடப்பட்டது. பிளேயருடன் சேர்ந்து எம்டிபிக்கான பகுதிகளும் விலகின. அப்பதிப்பில் 'மீடியா ஃபீச்சர் பேக்' நிறுவும் வரை எம்டிபி முறையில் இணையும் கேமராக்களும் கைப்பேசிகளும் தெரியாது. சட்டத் தீர்ப்பு ஒன்று இணைப்புக் கோளாறாக வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

சரிபார்க்கும் ஒழுங்கு

இந்த வரலாறு தெரிந்தால் பழுதைத் தேடும் வரிசையும் தெளிவாகிறது. முதலில் மின்கலம் நிறைந்திருக்கிறதா, கேமரா இயக்கத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது வடம். யூஎஸ்பி 2.0 வடத்தில் மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் உண்டு. மின்னேற்றத்துக்கு மட்டும் செய்த மலிவு வடங்களில் தரவுக் கம்பிகளே இராது. விளக்கு எரிவதை வைத்து வடம் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. பிறகு, மையப் பெட்டியைத் தவிர்த்துக் கணினியின் துறையிலேயே செருகிப் பார்க்கலாம். அதன்பின் கேமராவின் யூஎஸ்பி முறையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிரலி கேமராவை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதும் உண்டு. லினக்ஸில் கோப்பு மேலாளர் கேமராவைத் தானாகத் திறந்துகொண்டால், ஜிஃபோட்டோவுக்கு அது கிடைக்காது. காம் துறைகளின் பழைய மோதல் வேறு உருவில் தொடர்கிறது.

எதுவும் பலிக்காவிட்டால் அட்டையைக் கழற்றி அட்டை படிப்பியில் போடுவதே நல்லது. 1998இல் ஜப்பானில் வகுத்த டிசிஎஃப் விதியின்படி படங்கள் 'டிசிஐஎம்' என்ற கோப்புறையில்தான் இருக்கும். எந்த நிறுவனக் கேமராவானாலும் தேட வேண்டியதில்லை. ஆனால் 2006க்கு முந்தைய படிப்பி எஸ்டிஎச்சி அட்டையைப் படிக்காது. இங்கே ஒரு கவனம் தேவை. அட்டையை 'ஃபார்மட் செய்யவா' என்று கணினி கேட்டால் 'ஆம்' என்று அழுத்தக்கூடாது. பெரும்பாலும் அட்டையில் படங்கள் அப்படியே இருக்கும்; அந்தக் கணினிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய டிஜிட்டல் கேமராக்களில், வடம் வழியே மின்னேற்றம் பெறுபவற்றுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம். செருகி ஒன்றாகிவிட்டது. எனினும் ஒரே தோற்றமுள்ள யூஎஸ்பி-சி வடங்களில் சில 480 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடுகின்றன, சில அதைவிடப் பல மடங்கு விரைவாகச் செல்கின்றன. வெளியே பார்த்து வேறுபாட்டைச் சொல்வது கடினம்.