மலைச்சரிவும் தொகுதி நோக்கும்

ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் தென்புற மலைச்சாரலில் அமைந்த சிற்றூர் கொஸ்லந்த. தியலும நீர்வீழ்ச்சிக்கு அண்மையிலுள்ள இவ்வூரின் பெயரை நாடு முழுவதும் துயரத்தோடு உச்சரித்த நாள் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29. அன்று காலை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பலர் மாண்டனர், சிலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை.

மலை ஏன் சரிந்தது என வினவினால், கனமழையே காரணம் என்பர். அவ்விடை பொய்யன்று; ஆயினும் முழுமையுமன்று. அதே மழையை ஏற்ற மலைகள் யாவும் சரிந்துவிடவில்லையே! இவ்விடத்தேதான் சுற்றாடல் அறிவியலார் தொகுதி நோக்கு என்பதைத் துணைக்கழைக்கின்றனர். பல உறுப்புகள் ஒன்றையொன்று பாதித்து, ஒரு முழுமையாக இயங்குவதே தொகுதி எனப்படும். அதனுள் வருவது எது, தங்குவது எது, வெளியேறுவது எது என ஆராய்வதே இந்நோக்கின் தொடக்கமாகும்.

மலைச்சாரலும் அத்தகையதொரு தொகுதியே. மழைநீர் அதன் வரவு. ஊற்றும் ஓடையும், மரங்கள் இலைவழியே வெளிவிடும் ஆவியும் அதன் செலவு. இடையே நீரைத் தேக்கி வைப்பது மண். மீரியபெத்தயில் பாறையின்மேல் கிடந்தது பழைய சரிவுகள் கொணர்ந்து குவித்த தளர்ந்த மண்ணாகும். செலவினும் வரவு மிகும்போது, தேங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுகின்றது. மண்துகள்களின் பிடிப்பையும் குறைக்கின்றது. மழைநீரை ஒழுங்காக வடியவிடும் கான்கள் தூர்ந்து கிடந்தால் ஆபத்து மேலும் வளர்கின்றது.

இத்தொகுதியில் மனிதனும் ஓர் உறுப்பாவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டு, கோப்பி ஒன்றே பரந்த நிலமெங்கும் பயிராயிற்று. 1869ஆம் ஆண்டு இதே பதுளைப் பகுதியிலுள்ள மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. 1880இல் அதனை ஆராய வந்த ஹரி மார்ஷல் வோட் என்னும் அறிஞர், இடையீடின்றி ஒரே பயிரை நட்டமையே அந்நோய் விரைந்து பரவ வழிவகுத்தது என விளக்கினார்.

கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறித்தல் வேண்டும். ஆதலால் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களிலேயே தங்கலாயினர். மலைச்சாரல்களில் லய வரிசைகள் பெருகின. இலையிலே தோன்றிய துரு, மக்கள் வாழுமிடத்தைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒரு செயலின் விளைவு வேறிடத்தில், நெடுங்காலத்தின் பின் தலைகாட்டும் என்பது தொகுதி நோக்கின் முக்கியமான பாடங்களுள் ஒன்று.

மற்றொன்று பின்னூட்டல். அடுப்பின் சூடு கையில் பட்டதும் கையை இழுத்துக்கொள்கிறோம், செய்தி செயலாகின்றது. மீரியபெத்தயில் செய்தி இல்லாமற் போகவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தின் அபாயத்தை எச்சரித்திருந்தது. ஆனால் லயத்தில் வாழ்வோருக்கு வீடும் வேலையும் தோட்டத்தோடு பிணைந்தவை; பெயர்ந்து சென்று குடியேறச் சொந்த நிலமில்லை. செல்லுமிடம் காட்டாத எச்சரிக்கை, செய்தியளவிலேயே நின்றுவிட்டது. உயிர் தப்பியோருக்கு மக்கள்தெனியவில் புதிய வீடுகள் வழங்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேயாகும்.

நிலத்திலே புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்றுகள் திடீரெனத் தோன்றுதல் அல்லது கலங்குதல் ஆகியன சரிவுக்கு முன் தோன்றக்கூடிய அறிகுறிகள். இவற்றை முதலிற் காண்போர் தோட்டத்து மக்களே. அவர்கள் கண்டதை உரியவரிடம் சேர்க்கும் வழியும், கான்களை முறையாகப் பேணும் ஏற்பாடும், அச்சமின்றிப் பெயர்ந்து செல்ல நிலமும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவற்றின் பயனும் குறையும். மலைநாட்டில் மழை இனியும் பெய்யும். அது பெய்யுமுன் செய்யத்தக்கவை இவையே.