எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழும் பேச்சும் ஏளனமும்: நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்குமான விளக்கம்

பொது விளக்கம்

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை என்பது இரைப்பையின் அளவையும், சில முறைகளில் சிறுகுடலின் பாதையையும் மாற்றியமைத்து, உடற்பருமனையும் அதனால் உண்டாகும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உறக்க மூச்சுத்திணறல் போன்ற நோய்களையும் கட்டுப்படுத்தும் மருத்துவமுறை ஆகும். ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி, கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆகியவை பரவலாகச் செய்யப்படும் இரு முறைகள். முதல் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேற்பட்ட பகுதி அகற்றப்படுகிறது. இரண்டாவது முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்று உருவாக்கப்பட்டு, அது நேரடியாகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது.

இச்சிகிச்சை பெற்றோர் பலர், அறுவைப் புண் ஆறிய பின்னரும் ஆறாத வேறொரு துன்பத்தைச் சந்திக்கின்றனர். உறவினர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் ஆகியோரின் கேள்வியும் கேலியும் தீர்ப்பும் அது. இதனைச் சமூகக் களங்கம் என்பர். இது மனத்தை மட்டும் புண்படுத்துவதன்று. சிகிச்சையின் பயனையும், சில வேளைகளில் உயிரையும் பாதிக்கக்கூடியது. அதனைப் புரிந்துகொள்ளவும் எதிர்கொள்ளவும் இப்பக்கம் உதவும்.

உடற்பருமன் எவ்வளவு பரவலானது?

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37.0 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவர்கள். முந்தைய ஆய்வில் இவ்வளவு முறையே 30.9, 28.2 விழுக்காடாக இருந்தது. எனவே இது ஒருவரின் தனிப்பட்ட குறை அன்று. பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேரைத் தொடும் பொதுச் சுகாதாரச் சிக்கல் ஆகும்.

களங்கம் எந்த வடிவங்களில் வருகிறது?

- "உழைத்துக் குறைக்காமல் குறுக்கு வழியில் குறைத்துக்கொண்டார்" என்னும் பழிப்பு.
- "என்ன நோய் வந்தது? சர்க்கரையா, காசநோயா?" என்னும் ஐயம். நம் ஊர்களில் விரைவாக இளைப்பது நோயின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது.
- "இவ்வளவு பணத்தை வயிற்றை அறுக்கவா செலவிட்டாய்?" என்னும் கண்டனம்.
- தளர்ந்து தொங்கும் தோல், முடி உதிர்தல், ஒட்டிய முகம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டும் கேலி.
- எடை சற்றே கூடினாலும், "எல்லாம் வீண்" என்னும் தீர்ப்பு.
- "நான்தான் இப்படிப்பட்டவன்" என்று நோயாளி தன்னையே பழித்துக்கொள்ளுதல். வெளியில் கேட்ட சொல் நாளடைவில் உள்ளிருந்து ஒலிக்கத் தொடங்குவதே களங்கத்தின் கடுமையான வடிவம்.

"குறுக்கு வழி" என்பது உண்மையா?

இல்லை. உணவைக் குறைத்து எடையை இறக்கும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் உடலில் கூடுகிறது. உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. இழந்த எடையை மீட்க உடலே முயல்வதால், கடும் உடற்பருமன் உள்ளவர்களில் பலருக்கு மனவுறுதி மட்டும் போதுவதில்லை. அறுவைச் சிகிச்சை இந்தப் பசி சமிக்ஞைகளையே மாற்றுகிறது.

எனினும் அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் சிறு அளவில் உண்ணுதல், போதிய புரதம், நாள்தோறும் உயிர்ச்சத்து மாத்திரைகள், உடற்பயிற்சி, குருதிப் பரிசோதனை ஆகியவை தேவை. இதனை எளிய வழி என்பது பொருந்தாது. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு ஒன்றில், இச்சிகிச்சை பெற்றோர் பெறாதோரைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தது கண்டறியப்பட்டது. உடற்பருமன் சோம்பலாலும் பெருந்தீனியாலும் மட்டுமே வருவது என்னும் கருத்து அறிவியலுக்கு முரணானது என்று, பல நாட்டு வல்லுநர்கள் 2020இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் கூறுகிறது.

இடர்ப்பாடு குறித்தும் உண்மையை அறிந்திருத்தல் நன்று. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனையில் இச்சிகிச்சையின்போது உயிரிழந்தார். மாநிலச் சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. அதன்பின் "உயிரையே பணயம் வைத்தாயே" என்னும் பேச்சு பல வீடுகளில் எழுந்தது. அந்த அச்சம் இயல்பானது. அனுபவமிக்க மையங்களில் இச்சிகிச்சையால் உயிரிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று என்ற அளவில் உள்ளது. இதனை அமைதியாக எடுத்துரைப்பது வாதிடுவதைவிடப் பயன் தரும்.

நெசவு ஊர்களின் சூழல்

ஆரணியை அடுத்த சந்தவாசல் போன்ற பட்டு நெசவு ஊர்களில் வீடே தொழிற்கூடம். குழித்தறி வீட்டினுள் இருக்கும். அண்டை வீட்டார் வந்துபோவர். நாள் முழுவதும் குழியில் கால் வைத்து அமர்ந்தே நெய்வதால் உடல் அசைவு குறைகிறது. முதுகுவலியும் மூட்டுவலியும் பலருக்கு உண்டு. இத்தகைய தெருவில் அறுவைச் சிகிச்சையை மறைத்தல் எளிதன்று. ஒரு வீட்டில் தறியோசை நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அறுவைக்குப் பின் எப்போது தறியில் அமரலாம் என்பதை அறுவை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை கனமான பொருள்களைத் தூக்குதல், வயிற்றுத் தசைக்கு அழுத்தம் தரும் வேலைகள் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படும். மிதி மிதித்தல், பாவு இழுத்துக் கட்டுதல், குழியில் இறங்கி ஏறுதல் ஆகியவை இதில் அடங்குமா என்று தனித்தனியே கேளுங்கள். நெசவு வேலையின் தன்மையை மருத்துவர் அறியாதிருக்கக்கூடும். "சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்னும் பேச்சுக்கு அஞ்சி முன்கூட்டியே தறியில் இறங்குவது தீங்கு விளைவிக்கும்.

மறைப்பதனால் விளையும் ஆபத்துகள்

பேச்சுக்கு அஞ்சிச் சிகிச்சையை எல்லோரிடமும் மறைப்போர் உண்டு. பின்வரும் மூன்று சூழல்களில் மறைப்பது உடலுக்குக் கேடாக முடியும்.

1. வாந்தியும் குளுக்கோஸும். அறுவைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, உணவு மிகவும் குறைந்தாலோ, உடலில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துவிடலாம். அந்நிலையில் உள்ளூர் மருத்துவமனைக்குச் சென்று, அறுவையைச் சொல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டால், மூளை பாதிப்பு தீவிரமாகலாம். தயமின் முதலில் அல்லது உடன் தரப்பட வேண்டும். ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் அறுவையைப் பற்றிச் சொல்லுங்கள்.

2. வலி மாத்திரை. முதுகுவலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்புப் பகுதியில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடும். மாற்று மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

3. மாத்திரையை நிறுத்துதல். பிறர் பார்ப்பர் என்று இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து டி, பி12 மாத்திரைகளை நிறுத்தினால் இரத்தசோகை, எலும்பு மெலிவு, கைகால் மரப்பு ஆகியவை பின்னாளில் தோன்றும்.

யாரிடம் எவ்வளவு சொல்வது?

மருத்துவர், செவிலியர், வீட்டில் உடனிருந்து பராமரிப்பவர் ஆகியோருக்கு முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. நோயாளியின் மருத்துவ விவரங்களை மருத்துவர் வெளியிடக் கூடாது என்பதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் வலியுறுத்துகின்றன.

பொய் சொல்ல வேண்டிய தேவையில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. குறுகிய பதில் ஒன்றை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வது உதவும்.

- "என்ன நோய்?" என்றால்: "நோய் ஒன்றுமில்லை. மருத்துவர் சொன்ன சிகிச்சை எடுத்தேன். இப்போது நலமாக இருக்கிறேன்."
- "குறுக்கு வழிதானே?" என்றால்: "சர்க்கரைக்கும் மூச்சுத்திணறலுக்கும் எடுத்த சிகிச்சை அது."
- கேள்வி தொடர்ந்தால்: "அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை அண்ணி. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?"

விருந்தும் திருவிழாவும்

நம் பண்பாட்டில் உணவு அன்பின் வெளிப்பாடு. இலையில் மீதம் வைப்பது அவமதிப்பாகக் கருதப்படலாம். ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் சென்று வரும் வேளையிலும், தெருவில் கூழ் வார்க்கும் நாளிலும், திருமணப் பந்தியிலும் வற்புறுத்தல் மிகும். வற்புறுத்தலுக்கு இணங்கி அளவுக்கு மேல் உண்டால் நெஞ்சு அடைப்பதுபோன்ற வலியும் வாந்தியும் வரும். பைபாஸ் செய்தவர்கள் பாயசம், இனிப்புகளை உண்டால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம்.

- பரிமாறுபவரிடம் முதலிலேயே, "அத்தை, இரண்டு கரண்டி போதும், வேண்டுமென்றால் நானே கேட்கிறேன்" என்று கூறுங்கள்.
- பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவை முதலில் உண்ணுங்கள்.
- உணவின்போதும், உண்டபின் 30 நிமிடங்கள் வரையிலும் நீர் அருந்துவதைத் தவிருங்கள்.
- பராமரிப்பவர் அருகில் அமர்ந்து, வற்புறுத்துவோருக்குத் தாமே பதில் கூறலாம். அது நோயாளியின் சுமையைப் பாதியாகக் குறைக்கும்.

மது அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். இச்சிகிச்சைக்குப் பின் மது இரத்தத்தில் விரைவாகக் கலக்கிறது. மதுப் பழக்கத்திற்கு அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது.

திருமணமும் மகப்பேறும்

"வயிற்றை அறுத்த பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா?" என்னும் கேள்வி இளம்பெண்களின் திருமணப் பேச்சில் எழுகிறது. அறுவை செய்யப்படுவது இரைப்பையில், கருப்பையில் அன்று. உடற்பருமனால் மாதவிடாய் ஒழுங்கற்றிருந்த பெண்கள் பலருக்கு எடை குறைந்தபின் கருத்தரிக்கும் வாய்ப்பு மேம்படுகிறது. எனினும் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் பயன் குறையக்கூடும் என்பதால், வேறு முறைகள் குறித்து மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

உடல் தோற்றமும் மீளும் எடையும்

அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதங்களில் முடி உதிர்வது பொதுவானது, பெரும்பாலும் தற்காலிகமானது. தோல் தளர்வு நீடிக்கலாம். சில ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு எடை கூடுவதும் பலருக்கு நேர்வதே. அது தோல்வி அன்று. மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டியதன் அடையாளம். "மருத்துவர் திட்டுவார்" என்று வெட்கப்பட்டுப் பரிசோதனையைத் தவிர்ப்பதே உண்மையான இழப்பு.

பராமரிப்போர் கவனத்திற்கு

- எடையைப் பற்றி நாள்தோறும் கேட்காதீர்கள். "இன்று நடக்க முடிந்ததா? மூச்சு வாங்கவில்லையா?" என்று கேளுங்கள்.
- பழைய புகைப்படத்தைக் காட்டி ஒப்பிடாதீர்கள். புகழ்ச்சியாகச் சொன்னாலும் அது பழைய உடலைப் பழிப்பதாகும்.
- நோயாளியின் அனுமதியின்றிச் சிகிச்சையைப் பிறரிடம் சொல்லாதீர்கள்.
- தட்டில் இருப்பதைக் கண்காணிக்கும் காவலராக மாறாதீர்கள். உடன் அமர்ந்து உண்ணுங்கள்.
- மாத்திரை நேரத்தையும் பரிசோதனை நாளையும் நினைவூட்டுங்கள்.

மனநல உதவி எப்போது தேவை?

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், உறக்கமின்மை, வெளியே செல்ல அஞ்சுதல், உண்ண மறுத்தல், மதுவை நாடுதல் ஆகியவை தோன்றினால் உதவி பெறுங்கள். இச்சிகிச்சை பெற்றோரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தகைய எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். டெலி மனாஸ் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் தமிழில் ஆலோசனை பெறலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- நிற்காத வாந்தி, நீர்கூட அருந்த இயலாமை
- கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு
- கறுப்பு நிற மலம் அல்லது இரத்த வாந்தி
- பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தடுமாற்றம், மனக்குழப்பம்
- கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல்

அவசர நிலையில் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். சந்தவாசல் வட்டாரத்தினர் ஆரணி அரசு மருத்துவமனையையோ, அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். அறுவை செய்த மருத்துவமனை தந்த வெளியேற்றக் குறிப்பை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

உடற்பருமன் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை பெறுதல் குற்றமன்று. ஊரார் அனைவருக்கும் விளக்கம் தரும் கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் மருத்துவருக்கு உண்மையைச் சொல்லும் கடமை உண்டு. பேச்சு சில மாதங்களில் ஓய்ந்துவிடும். மாத்திரையும் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.