வெற்றிலைப் பெட்டியும் நீல வெளிச்சமும்

மதுரைப் பக்கம் வந்து வெற்றிலையைக் குறை சொன்னா சண்டைக்கு வருவாங்க. சோழவந்தான் வெற்றிலை அப்படி! வில்லன் இலை இல்லை மக்களே, கூடப் போற புகையிலையும் பாக்கும்தான். புகையிலை சேர்க்காத வெற்றிலை-பாக்கும் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை போட்டுடுச்சு. எங்க ஊர்ப் பெரிசுங்ககிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க.

வாய்ப்புற்று பெரும்பாலும் ஒரு வெள்ளைத் திட்டாவோ சிவப்புத் திட்டாவோதான் ஆரம்பிக்கும். வலிக்காது, அதான் சிக்கலே. எந்தத் திட்டு ஆபத்தானதுன்னு சதையை வெட்டி எடுத்துப் பார்க்காம, வெளிச்சத்தை வச்சே கண்டுபிடிக்க முடியுமா?

1924-ல் பிரான்சின் பொலிகார், புற ஊதா ஒளியில் எலியின் கட்டிகள் சிவப்பா ஒளிர்வதைப் பார்த்தார். அறுபது வருஷம் கழிச்சு, 1984-ல் நியூயார்க்கில் ஆல்ஃபானோ குழு லேசரை அடிச்சு, நல்ல திசுவும் புற்றுத் திசுவும் வேற வேற மாதிரி ஒளிர்வதைக் காட்டினாங்க. நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தில் சிங்காரவேலு கணேசன் இதே வழியில் வாய்ப்புற்றை ஆராய்ந்தார்.

விஷயம் இதுதான். நீல ஒளி பட்டா ஆரோக்கியமான வாய்த்தோல் பச்சையா மின்னும். தோலுக்கு அடியில இருக்கிற கொலாஜன் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். புற்று ஆரம்பிச்சா கொலாஜன் சிதையும், மேல்தோல் தடிக்கும், அந்த இடம் இருண்டு தெரியும். ஆனா ரத்தமும் ஒளியை விழுங்கும். அதனால சாதாரணமா வீங்கிச் சிவந்த இடமும் கறுப்பாத்தான் தெரியும். கருவி பயமுறுத்திடும் :-)

திருச்சியில் பிறந்த ராமன் 1928-ல் கண்டுபிடிச்ச ஒளிச்சிதறலையும் (நமக்கெல்லாம் காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்வி!) இதுக்குப் பயன்படுத்தறாங்க. ஆனா அந்த சிக்னல் ரொம்ப பலவீனம், தோராயமா கோடி ஃபோட்டானுக்கு ஒண்ணு.

இத்தனை லேசர் இருந்தும், உயிரைக் காப்பாத்தினதா பெரிய ஆய்வில் நிரூபிச்சது எது தெரியுமா? நல்ல வெளிச்சத்துல வாயைத் திறந்து கண்ணால பார்க்கிறது! திருவனந்தபுரத்தில் 1996-ல் ஆரம்பிச்சு, சுமார் 1,90,000 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு அது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய்ப் பார்த்தாங்க. புகையிலை, மது பழக்கம் உள்ளவங்ககிட்ட வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைஞ்சதுன்னு 2005-ல் லான்செட்டில் முடிவு வெளியாச்சு.

2020-ல் அதே திருவனந்தபுரத்திலிருந்து ஓரல்ஸ்கேன்னு ஒரு கையடக்கக் கருவி வந்தது. திட்டில் எந்த இடத்துல சதை எடுக்கணும்னு அது ஒளியால காட்டும். புற்றா இல்லையான்னு கடைசியில சொல்றது இன்னமும் அந்தச் சதைத் துண்டுதான்.