சாண்டா கிளாஸ்

நாம் கிறிஸ்துமஸ் தாத்தா என்று அழைப்பவரின் ஆங்கிலப் பெயர். புனித நிக்கோலஸை டச்சு மக்கள் 'சின்டர்கிளாஸ்' என்பார்கள். டச்சுக்காரர்கள் குடியேறிய நியூயார்க்கில், ஆங்கிலம் பேசுவோர் நாவில் அது 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று. 1773-லேயே இதன் முந்தைய வடிவம் அந்நகரச் செய்தித்தாளில் அச்சேறியிருக்கிறது. நிக்கோலஸ் கிரேக்கப் பெயர். 'நிக்கே' என்றால் வெற்றி, 'லாவோஸ்' என்றால் மக்கள்.

நிக்கோலஸ் 4-ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயர். அவ்வூர் இன்று துருக்கியில் டெம்ரே. வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பொன்முடிப்பை, இரவில் யாருமறியாமல் சன்னல் வழியே அவர் எறிந்தார் என்கிறது மரபுக்கதை. உலர வைத்த காலுறைக்குள் பொன் விழுந்தது என்பது பிற்காலச் சேர்க்கை. பரிசுக்குக் காலுறை தொங்கவிடும் வழக்கத்துக்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். ஓவியங்களில் அவர் கையிலுள்ள மூன்று பொன் உருண்டைகள் அந்த முடிப்புகளின் அடையாளம்.

அவர் திருநாள் டிசம்பர் 6. மறைவாகத் தருமம் செய்யுங்கள் என்ற இயேசுவின் போதனையே இக்கதையின் உயிர். பெற்றவர் கூச வேண்டியதில்லை, கொடுத்தவர் பெயர் தேட வேண்டியதில்லை.