பருவம் பிந்திய ஆண்டும் கொல்லைத் தோட்டமும்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும், அதிலுள்ள ‘தேடி’ என்ற சொல்லை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடி மாதம் நாட்காட்டியில் தானே வந்துவிடும். அதைத் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது பட்டத்தை. மண்ணின் ஈரத்தையும் காற்றின் போக்கையும் மேகத்தின் நிறத்தையும் கண்டு, ‘இதுவே தருணம்’ எனத் துணிவதே பட்டம் தேடுதலாகும். பருவம் ஒழுங்காக வரும் ஆண்டில் இது எளிது. பிந்தி வரும் ஆண்டில்தான் விதைப்பவரின் பொறுமையும் அறிவும் சோதிக்கப்படுகின்றன.

குளிர் நாடுகளில் இச்சோதனை, வசந்தம் வந்த பின்னும் விலகாத குளிராக வருகிறது. காஞ்சிபுரம் போன்ற நம் ஊர்களிலோ அது பிந்திய மழையாக வருகிறது. வடிவம் வேறு, வீட்டுத் தோட்டக்காரரின் கவலை ஒன்றே. இவ்விரு கவலைகளின் வரலாற்றையும் இணைத்து நோக்கினால், நமக்குப் பயனுள்ள பாடம் ஒன்று கிடைக்கும்.

பனிப் புனிதர்கள்

செர்மனி, ஆஸ்திரியா, போலந்து ஆகிய நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் 11 முதல் 15 வரை நினைவுகூரப்படும் மாமெர்துஸ், பங்கிராசியுஸ், செர்வாத்தியுஸ், போனிபாசியுஸ், சோபியா ஆகியோரை அவர்கள் ‘பனிப் புனிதர்கள்’ என அழைப்பர். இந்நாள்கள் கடக்கும்வரை அவரை, வெள்ளரி, தக்காளி போன்ற மென்மையான செடிகளைத் திறந்த வெளியில் நடுவதில்லை. ஏப்ரல் மாதம் எவ்வளவு இதமாக இருந்தாலும், ஓர் இரவின் உறைபனி நாற்றுகள் அனைத்தையும் கருக்கிவிடும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

இவர்களுள் மாமெர்துஸ் நம் கவனத்திற்கு உரியவர். 5ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள வியன் நகரின் ஆயராக இருந்த இவரே, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்திய மூன்று நாள்களிலும் மன்றாட்டுப் பவனி நடத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர். பிற்காலத்தில் அப்பவனிகள் வயல்களையும் தோட்டங்களையும் சுற்றிவந்து விளைச்சலுக்காக இறைவனை மன்றாடும் வழிபாடாக வளர்ந்தன. கதிரவன் காய்வதும் பனி விலகுவதும் மனிதர் கையில் இல்லை என்ற தெளிவே அவற்றின் அடித்தளம்.

இங்கு ஒரு சுவையான செய்தியையும் காண்போம். 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் நாட்காட்டியைச் சீர்திருத்தியபோது, அக்டோபர் 4ஆம் நாளுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 எனக் கொள்ளப்பட்டது. புனிதர்களின் நினைவு நாள்கள் பத்து நாள் முன்னே நகர்ந்தன. பனியோ நகரவில்லை. பழைய கணக்கில் மே 11 எனப்பட்டது, புதிய கணக்கில் மே 21 ஆயிற்று. நம் தமிழ் நாட்காட்டியிலும் இத்தகைய நகர்வு உண்டு. அது விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டதாதலால், ஏறத்தாழ 60 முதல் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களினின்று விலகி வருகிறது. ஒரு காலத்தில் இரவும் பகலும் ஒத்திருக்கும் மார்ச் மாத நாளையொட்டி வந்த சித்திரை முதல் நாள், இன்று ஏப்ரல் 14இல் வருவது இதனாலேயே. ஆகவே, நாள்கள் வழிகாட்டும் பலகைகள் மட்டுமே; வழியை நாம்தாம் பார்த்து நடக்க வேண்டும்.

கோடை வராத ஆண்டு

பலகை முழுவதும் பொய்த்த ஆண்டு ஒன்று வரலாற்றில் உண்டு. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. வானளாவ எழுந்த கந்தகப் புகை உலகைச் சூழ்ந்து கதிரொளியை மங்கச் செய்தது. மறு ஆண்டு, 1816இல், வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஜூன் மாதத்தில் பனி பொழிந்தது. மேற்கு ஐரோப்பாவில் குளிர்ந்த மழை ஓயவில்லை. தோட்டங்களில் அவரையும் வெள்ளரியும் முளையிலேயே மடிந்தன. சுவிட்சர்லாந்திலும் தென் செர்மனியிலும் மக்கள் காட்டுக் கீரைகளைத் தேடி அலைந்தனர். இந்தியாவிலும் பருவமழை நிலைகுலைந்தது. தொலைதூர எரிமலை ஒன்றே இதற்குக் காரணம் என்பதை அறிஞர்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகக் கண்டனர்.

அப்பஞ்சத்தின் கனி ஒன்றும் உண்டு. செர்மனியின் வூர்ட்டம்பர்க் அரசர் முதலாம் வில்லியம், 1818இல் ஓகன்ஐம் என்னுமிடத்தில் வேளாண்மைக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவினார். அது இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

தறிக்குழியும் அவரைப் பந்தலும்

இனி நம் காஞ்சிக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டில் இந்நகருக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்குள்ள மண்ணின் செழுமையையும், தானியங்கள், பூக்கள், கனிகள் ஆகியவற்றின் மிகுதியையும் குறித்துச் சென்றார். ஏரிகளால் வாழ்ந்த தொண்டை மண்டலத்தின் தலைநகர் அன்றோ இது! ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டதை வடகிழக்குப் பருவமழையே இங்குக் கொண்டுவருகிறது.

கோயில்களுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற இந்நகரில், மழை எல்லாருக்கும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை. உழவர் மழையை வேண்டி நிற்க, நெசவாளர் அதை அஞ்சி நோக்குவர். குழித்தறியில் நெய்பவர் கால் வைத்து மிதிக்கும் குழியில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்டவும், சாயமேற்றிய நூலை உலர்த்தவும் வெயில் இராது. தறி நின்றால் கூலியும் நிற்கும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகள் காலங்காலமாக அறிந்த துன்பம் இது.

ஆனால் அதே மாதங்களில்தான் வீட்டின் பின்புறத்துக் கொல்லை கண் திறக்கிறது. ஆடியில் ஊன்றிய பீர்க்கும் புடலையும் சுரையும் பந்தலில் காய்க்கின்றன. பகல் குறுகி, பனி இறங்கும்போது அவரை பூத்துக் குலுங்குகிறது. மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. கழுநீர் பாயும் ஓரத்தில் முளைக்கீரையும் சிறுகீரையும் தழைக்கின்றன. வேலியோரத்து முருங்கை எக்காலமும் ஒரு பிடி கீரை தரும். எந்த மழை தறியை நிறுத்தியதோ, அதுவே அடுப்புக்குக் காயையும் அனுப்பியது. கொல்லையைப் பேணிய இல்லத்தரசியின் கை, தறி ஓயும் நாள்களில் குடும்பத்தைத் தாங்கிய இரண்டாம் தறி எனலாம்.

மழை பிந்தினால் இவ்விரண்டும் சேர்ந்து குலையும். ஆடி ஈரத்தை நம்பி எல்லா விதைகளையும் ஒரே நாளில் ஊன்றியவர், அடுத்து வரும் வறட்சியில் அனைத்தையும் இழப்பர். பாதி விதையை உறியிலோ சாம்பல் கலந்த கலயத்திலோ காத்து வைத்தவர், மழை வந்தபின் மீண்டும் ஊன்றுவர். மூடாக்காகச் சருகு பரப்புதல், கிணற்றடி நீரைப் பாத்திக்குத் திருப்புதல், மேகமூட்டத்தில் அவரையைப் பற்றும் அசுவினிக்குச் சாம்பல் தூவுதல் ஆகியவையெல்லாம் ஏட்டில் எழுதாத கல்வி.

தானியம் மட்டும் போதுமா?

1876இல் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் மட்டும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். 1877இல், நிவாரண வேலை செய்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என ஆங்கில அரசின் சார்பில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். அளவு போதாது என்பதோடு, தானியத்துடன் பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நிலைக்காது என்றும் அவர் வாதிட்டார். ஒரு பிடி கீரையின் மதிப்பு அரசாங்கக் கோப்பில் வழக்காடப்பட்ட நேரம் அது. வறியவரின் கலயத்தில் எது குறைகிறது என்று கேட்பதும் நீதியின் பகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று நம் கடமை

பருவம் பிறழ்வது பழங்கதை அன்று. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. அடுத்த ஆண்டே தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஓராண்டு இடைவெளியில் இரு எல்லைகளையும் கண்டோம். புவி வெப்பமடைந்து வரும் இந்நாளில் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் மிகும் என்றே அறிஞர் கூறுகின்றனர்.

மறுபுறம், கொல்லைகள் குறுகுகின்றன. பாகப் பிரிவினையில் மனை பிளவுபடுகிறது. வாடகை அறைகள் எழுகின்றன. மீதமுள்ள மண்ணையும் சிமெண்ட் மூடுகிறது. கொல்லையோடு விதைக் கலயமும், பட்டம் தேடும் கண்ணும் மறைவதே பேரிழப்பு. மண்ணை மீட்க இயலாத இடத்திலும் கண்ணை மீட்க இயலும். மாடியில் இரண்டு தொட்டிக் கீரை, சுவரோரம் ஓர் அவரைக் கொடி, வாசலில் ஒரு முருங்கை ஆகியவை போதும். பங்கு வளாகங்களிலும் பள்ளிகளிலும் வெறுமையாய்க் கிடக்கும் மூலைகள் பாத்திகளாகலாம். அன்பியங்கள் விதைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். முதியோர் சொல்லச் சிறுவர் ஊன்றட்டும்.

விதைப்பவர் மழையைக் கட்டளையிட்டு அழைக்க முடியாது. ஆயினும், ஒரு கைப்பிடி விதையை அடுத்த மழைக்கென எடுத்து வைக்க முடியும். நம்பிக்கை என்று மறைநூல் நமக்குக் கற்பிப்பது அந்தக் கைப்பிடி விதையினின்று வெகு தொலைவில் இல்லை.