சாணைக்கல்லில் ஒரு தமிழ்ச் சொல்

ஆயுத பூஜைக்காகப் பரணிலிருந்து உளி, இழைப்புளியை இறக்குகிறீர்களா? சாணைக்கல்லின் கதையையும் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் குருந்தக்கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கில் கலந்து சாணைச் சக்கரம் செய்தார்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அந்தக் கல் கிடைக்கிறது. நம் ‘குருந்தம்’தான் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது.

1891-ல் அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன் மின் உலையில் புதிய தீட்டுப்பொருள் ஒன்றை உருவாக்கினார். கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று தவறாக நினைத்து, ‘கார்போரண்டம்’ எனப் பெயர் வைத்தார். 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலுக்கு நம் பக்கத்துத் திருவொற்றியூரிலேயே ஆலை உண்டு. கடல் கடந்த சொல் வீடு திரும்பிவிட்டது!

ஆகவே பள்ளிப்பட்டு வாசிகளே, தாத்தாவின் உளியைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். துருவைத் தேய்த்து, தீட்டி, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். பேரப்பிள்ளைக்கும் உழைக்கும்.