ஒரு தடம், இருவகைப் பயணம்: விருத்தாசலமும் சென்னைப் புறநகர் ரயிலும்

தென்னிந்திய ரயில்வே நிறுவனம் 1920களின் பிற்பகுதியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் மேற்கொண்ட இரு பணிகளுள் ஒன்று விருத்தாசலத்தையும் மற்றொன்று சென்னையையும் மாற்றியமைத்தது. முதலாவது, விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போடப்பட்ட கார்டு லைன். சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எனச் சுற்றிச் செல்லும் பழைய மெயின் லைனைவிடத் தொலைவைக் குறைத்த குறுக்குப் பாதை இது. கடலூர், சேலம் பாதைகளும் இங்கே கூடியதால் விருத்தாசலம் நான்கு திசைச் சந்திப்பாயிற்று.

இரண்டாவது, 1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்சார ரயில். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் கொண்ட மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய இச்சேவைக்கெனத் தனித்தடங்கள் ஒதுக்கப்பட்டதால், நகரத்து வேலைக்குச் செல்வோரின் வண்டியும் தெற்கிலிருந்து வரும் நெடுந்தொலைவு வண்டியும் ஒன்றையொன்று மறிக்காமல் ஓட முடிந்தது. இந்தப் பிரிப்பே அத்திட்டத்தின் தலையாய நன்மை. தாம்பரத்துக்குத் தெற்கே இருவகை வண்டிகளும் நெடுங்காலம் ஒரே இரட்டைத் தடத்தைப் பகிர்ந்தபோது ஏற்பட்ட நெருக்கடி அதன் அருமையை உணர்த்தியது.

விரிவாக்கம் எல்லாமே உடனே பயன் தருவதில்லை. 1995இல் தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டிய பறக்கும் ரயில், அதாவது உயர்த்திக் கட்டிய பாதையில் ஓடும் நகர ரயில், பேருந்துகளுடனும் பிற ரயில் பாதைகளுடனும் போதிய இணைப்பின்றி எதிர்பார்த்த பயணிகளை ஈர்க்கத் தவறியது. கடற்கரை–எழும்பூர் நான்காவது தடத்துக்காக அதே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கும் மேலாகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. வருங்கால நன்மைக்கான விலையை அன்றாடப் பயணிகளே கொடுத்தனர்.

ஆகவே, பெருநகரப் புறநகர் ரயிலின் நன்மையைப் பயணச்சீட்டு வருவாயைக் கொண்டோ நகர எல்லைக்குள் நின்றோ அளப்பது பிழை. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே கூடும் ஒவ்வொரு தடமும் விருத்தாசலத்திலிருந்து சென்னைக்கு வரும் பயணியின் காத்திருப்பையும் குறைக்க வல்லது. அவரையும் சேர்த்து எண்ணும் கணக்கே நேர்மையான கணக்கு.